ஆமை தேடிப் போன உத்திரமேரூர்க்காரன்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரு பழமொழி உண்டு. அமீனா என்பவர் கோர்ட் உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிறவர். அவர் வந்தால் வீடு ஏன் உருப்படாது என்பது புரிகிறது. ஆமை என்ன பாவம் செய்தது என்பதுதான் தெரியவில்லை!

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் பி.காம். மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பையன், ஆமைகளுக்காக வெளிநாடு போகப் போவதாக வீட்டில் சொன்னான். அவன் அம்மா முதலில் எடுத்து வீசியது இந்தப் பழமொழியைத்தான். "பேங்க் எக்ஸாமுக்குப் படிடான்னா, ஆமை மேய்க்கப் போறானாம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அப்போது நெல் மூட்டை கவலை.

அவன் போக ஆசைப்பட்ட நாடு கோஸ்டா ரிகா. எல்லாம் மொபைலில் பார்த்த ஒரு வீடியோவால் வந்த வினை. இருட்டில் கடலிலிருந்து ஒரு ஆமை ஏறி வருகிறது. பக்கத்தில் சிவப்பு விளக்கோடு நாலு பேர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அடுத்த ஆமை, அதற்கடுத்த ஆமை... கரை முழுக்க ஆமை. கீழே 'தன்னார்வலராக வாருங்கள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான்.

சரி, அப்படி என்ன இருக்கிறது அந்த நாட்டில்?

கோஸ்டா ரிகா மத்திய அமெரிக்காவில் இருக்கும் குட்டி நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிகூடத் தேறாது. மக்கள் தொகை சுமார் 50 லட்சம். ஒரு பக்கம் பசிபிக், இன்னொரு பக்கம் கரீபியன் கடல். 1948-இல் ராணுவமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட நாடு அது. ராணுவத்துக்குச் செலவழிக்காத காசு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காட்டுக்கும் போனது என்று அந்த நாட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆமைகளுக்காக முதன்முதலில் அங்கே பேர் வாங்கிய இடம் டோர்டுகேரோ. கரீபியன் கரையில் இருக்கிறது. பச்சை ஆமைகள் முட்டையிடும் இடம். ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஆமையைக் கவிழ்த்துப் போட்டு விற்றுத்தான் பிழைத்தார்கள். அந்த ஆமை வெளிநாடுகளில் சூப்பாகிக்கொண்டிருந்தது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியல் பேராசிரியர் 1950-களில் அங்கே போய் ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்ட ஆரம்பித்தார். அவருடைய புத்தகத்தைப் படித்து உருகிய சிலர் சேர்ந்து 1959-இல் ஆமைகளுக்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். 1975-இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. இன்றைக்கு அதே ஊரில் பலர் இரவில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆமை காட்டும் வழிகாட்டிகள். ஆமையை வெட்டினால் ஒருநாள் காசு, காட்டினால் வருடா வருடம் காசு. பி.காம். பையனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பசிபிக் பக்கம் ஒஸ்தியோனால் என்ற ஊரில் வேறு கதை. அங்கே வருவது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். ஒன்றிரண்டாக இல்லாமல் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஸ்பானிஷ் மொழியில் 'அரிபாடா' என்கிறார்கள், வருகை என்று அர்த்தம். அந்த ஊர் மக்களுக்கு 1987-லிருந்து, கூட்டம் வரும் முதல் சில நாட்களில் முட்டை எடுத்து விற்கச் சட்டப்படியே அனுமதி இருக்கிறது. கேட்டவுடன் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. முதலில் வரும் ஆமைகள் இட்ட முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டி உடைத்துவிடும். எப்படியும் வீணாகப் போகும் முட்டையை எடுத்துக்கொள்ளட்டும், பதிலுக்குக் கரையைச் சுத்தமாக வைத்து, திருடர்களிடமிருந்து காவல் காக்கட்டும் என்பது ஏற்பாடு. இது சரியா தப்பா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஊர் மக்களை விரட்டிவிட்டு ஆமையைக் காப்பாற்ற முடியாது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு பட்டியல் போட்டான். சென்னையிலிருந்து கோஸ்டா ரிகாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ போக வேண்டும். அமெரிக்கா வழி என்றால் அந்த நாட்டு விசாவும் வேண்டும். டிக்கெட் மட்டும் லட்சத்தைத் தாண்டியது. சரி, போய்ச் சேர்ந்தால் சோறாவது போடுவார்கள் என்று பார்த்தால், தன்னார்வலர்தான் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டுமாம்! வாரத்துக்குச் சில நூறு டாலர். கூட்டிப் பார்த்தால் அப்பாவின் இரண்டு போகம் நெல் போய்விடும்.

வேலையும் செய்து பணமும் கட்டுவதா? இது என்ன நியாயம்? இந்த இடத்தில்தான் அவன் விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தான்.

பணம் வாங்குவது தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. டோர்டுகேரோ மாதிரி இடங்களில் அந்தப் பணம் படகுக்கும் பெட்ரோலுக்கும் உள்ளூர் ஆள் சம்பளத்துக்கும் போகிறது. ஆனால் 'காசு கட்டி சேவை செய்வது' ஒரு வியாபாரமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவில் உதாரணம் இருக்கிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் அநாதைக் குழந்தைகளோடு விளையாட ஆசைப்பட்டு வந்தார்கள். வரவர அநாதை இல்லங்களும் பெருகின. பிறகு பார்த்தால், அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள்! ஏழைப் பெற்றோரிடம் பேசி அழைத்து வந்த குழந்தைகள். தேவை கூடினால் அளிப்பு கூடும் என்பது பொருளாதாரத்தில் முதல் பாடம். அது குழந்தைகள் விஷயத்திலும் வேலை செய்யும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடுவதில்லை.

அவனை இன்னொரு செய்தியும் தூங்கவிடவில்லை. ஹைரோ மோரா என்ற கோஸ்டா ரிகா இளைஞனைப் பற்றியது. கரீபியன் கரையில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயசிலிருந்தே ஆமைதான் உலகம். லிமோன் நகரத்துக்குப் பக்கத்தில் மோயின் என்ற கடற்கரையில் ராத்திரி ராத்திரி ரோந்து போய் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கரையில் முட்டைத் திருடர்கள் உண்டு. மிரட்டல்களும் இருந்தன. 2013 மே மாதக் கடைசியில் ஒருநாள் இரவு வெளிநாட்டுத் தன்னார்வலப் பெண்கள் நான்கு பேரோடு ரோந்து போனபோது ஒரு கும்பல் மடக்கியது. பெண்கள் தப்பித்தார்கள். ஹைரோ அந்தக் கடற்கரையிலேயே கொல்லப்பட்டான். வயது 26. முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். மறு விசாரணை நடந்து 2016-இல்தான் நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நல்லவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு டிக்கெட் இருந்தது. ஹைரோவுக்கு அதுதான் ஊர். இந்த வித்தியாசம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை.

இறால், ஆமை, உலக வர்த்தகம்

திருப்பம் வந்தது வகுப்பறையில். சர்வதேச வர்த்தகப் பாடம், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் தூக்கம். உலக வர்த்தக அமைப்பின் வழக்குகள் பற்றிப் பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று 1998-இல் தீர்ப்பு வந்த இறால் - ஆமை வழக்கு. 'ஆமை' என்றதும் இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வழக்கு இதுதான். இறால் பிடிக்கும் இழுவலையில் ஆமை மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆமை மீன் இல்லை. அதற்கு நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து காற்று வாங்கியாக வேண்டும். அதனால் வலைக்குள் கம்பித் தடுப்பு ஒன்றை வைத்து, இறால் உள்ளே போகவும் ஆமை மேலே திறப்பு வழியாக வெளியேறவும் ஒரு கருவி செய்தார்கள். 'அந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம்' என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன. ஆமையைக் காப்பாற்ற நினைப்பது சரி, ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடந்துகொண்டது தப்பு என்கிற மாதிரி தீர்ப்பு வந்தது. கதை அதோடு முடியவில்லை. அதே கருவியைக் காரணம் காட்டி, கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதை 2019-இல் அமெரிக்கா நிறுத்தியது.

வகுப்பு முடிந்ததும் இவன் போய் கோஸ்டா ரிகா விஷயத்தைச் சொன்னான். பேராசிரியர் சிரித்துவிட்டார்.

"அட, அந்த ஆமையைப் பார்க்கவா அவ்ளோ தூரம் போறே? அதே ஆமை நம்ம நீலாங்கரைக்கு வருதேப்பா!"

இதைவிட ஒருவனை அவமானப்படுத்த முடியாது.

பக்கத்திலேயே இருந்த கடல்

உண்மைதான். ஒஸ்தியோனாலில் ஏறும் அதே இனம்தான் சென்னையிலும் ஏறுகிறது. ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் லட்சக்கணக்கில். சென்னைக் கரையில் அப்படிக் கூட்டமாக வராது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ராத்திரியில் ஒன்று இரண்டாக வரும். மாசியும் பங்குனியும்தான் சீசன். அதனால்தான் நம் மீனவர்கள் அதற்குப் பங்குனி ஆமை என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் உத்திரமேரூருக்கும் கடலுக்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை. முன்பெல்லாம் கோவளமும் மாமல்லபுரமும் அவனுடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகுதான் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடலே இல்லாமல் போனது. வரைபடத்தில் கோடு போட்டால் கடல் போய்விடுமா என்ன? செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, கல்பாக்கம் தாண்டி வாயலூர் பக்கம் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்து ஓடையில் எறிந்த பாலிதீன் பை கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

சென்னையில் இந்த வேலை ஆரம்பித்த கதையும் சுவாரசியமானது. 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணை புகழ் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் ராத்திரி கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். அப்போதெல்லாம் ஆமை முட்டை சாப்பாட்டுச் சாமான். அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர் என்ற சென்னை ஐ.ஐ.டி. மாணவர். படிக்க வந்த இஞ்சினியரிங்கை விட்டுவிட்டு ஆமையோடு போய்விட்டார்! இந்தியக் கரைகளில் 4000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஆமை தேடியவர். 1982-இல் லட்சத்தீவில் ஆளே இல்லாத சுஹேலி தீவில் மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் அங்கே படகு போகாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் அனுப்பி, வீடு வந்து சேர்ந்தது. சினிமாவில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். 2023-இல் காலமானார்.

1988-இல் சென்னை மாணவர்கள் சிலர் சேர்ந்து, கடலாமைகளுக்காக மாணவர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர், சீசன் முழுக்க ராத்திரியில் நடப்பது. முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பது. குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவது. மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், வேலை மட்டும் நிற்கவில்லை. அதில் ஆரம்பத்தில் நடந்தவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்பாடு கடலாமை விஞ்ஞானியாகி 2015-இல் இந்தியக் கடலாமைகளின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார். 2002-இல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் என்னும் இன்னொரு அமைப்பு, மீனவ இளைஞர்களையே ஆமைப் பாதுகாவலர்களாக்கி வேலை செய்கிறது.

இதற்கெல்லாம் லட்ச ரூபாய் டிக்கெட் தேவையில்லை. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிண்டிக்கு மின்சார ரயில், பிறகு இரண்டு பஸ். அவ்வளவுதான்.

ஒரு மாசி மாத ராத்திரி

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவன் கிளம்பினான். அம்மாவிடம் "ஃப்ரெண்டு வீட்ல கம்பைன்ட் ஸ்டடி" என்று சொல்லிவிட்டு. (அந்தப் பொய் திங்கட்கிழமையே மாட்டிக்கொண்டது, அது தனிக்கதை.)

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நடை தொடங்கியது. இருபது முப்பது பேர். ஐ.டி. கம்பெனி ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த பெற்றோர், கல்லூரிப் பசங்கள். முதலிலேயே சொல்லிவிட்டார்கள். டார்ச் கூடாது, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, சத்தம் கூடாது, ஆமை வரும் என்று உத்தரவாதமும் கிடையாது. யாரும் பணம் கேட்கவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் அவன் ஒரு ஆமையைப் பார்த்தான். செத்த ஆமை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. ஓட்டில் கை வைக்கும் தைரியம்கூட அவனுக்கு வரவில்லை.

அந்த வருடம் ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது செய்தித்தாள்களில் வந்திருந்தது. பசுமைத் தீர்ப்பாயம்கூடத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, மீன் கரையோரத்தில் இருக்கிறது. படகு எங்கே போகும்?

குப்பத்துக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தான்.

"எந்த ஊரு தம்பி?"

"உத்திரமேரூர்ணா."

"அங்கேர்ந்து ஆமை பாக்கவா வந்தே?" என்று சிரித்தார். "நாங்க யாரும் ஆமையைக் கொல்லணும்னு வலை போடறதில்ல தம்பி. எங்க ஃபைபர் போட்ல மாட்டினா அறுத்து விட்டுருவோம். வலை போனா ஆயிரக்கணக்குல நஷ்டம், அத யார் குடுப்பா? பெரிய போட்டுக்காரன்கிட்ட போய்க் கேளு. அவனும் டீசல் கடன்ல நிக்கிறான்."

வகுப்பறையில் இறால் - ஆமை வழக்கில் இரண்டே கட்சிதான் இருந்தது, அமெரிக்காவும் இந்தியாவும். இந்தப் பெரியவர் எந்தக் கட்சியிலும் இல்லை.

ஒன்றரை மணி சுமாருக்கு முன்னால் போனவர் கையை உயர்த்தினார். மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி, கடலிலிருந்து மேலே ஒன்று, திரும்பக் கடலுக்கு ஒன்று. ஆமை வந்து போய்விட்டது! தடம் வளையும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் குச்சி சட்டென்று இறங்கியது. கையாலேயே தோண்டினார்கள். முழங்கை வரை போனதும் முட்டை தட்டுப்பட்டது. வாய் குறுகி அடி அகன்ற குடம் மாதிரி ஒரு குழி. அத்தனை நேர்த்தியாக அந்த ஆமை தன் பின்னங்காலால், திரும்பியே பார்க்காமல் தோண்டியிருக்கிறது.

முட்டைகள் பிங்பாங் பந்து அளவு, ஆனால் மெத்தென்று இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். 112. எண்ணும் வேலையை இவனிடம் கொடுத்தார்கள், காமர்ஸ் என்று சொன்னதால்! பையை ஆட்டாமல் கொள்ளாமல் பெசன்ட் நகர் வரை சுமக்க வேண்டும். முட்டையைச் சில மணி நேரத்துக்குள் மறுபடி புதைத்தாக வேண்டும், நேரமான பிறகு புரட்டினால் உள்ளே கரு கெட்டுவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குட வடிவத்தில் குழி தோண்டி முட்டைகளை இறக்கினார்கள். ஒரு அட்டையில் எண், தேதி, எண்ணிக்கை. நோட்டிலும் அதே பதிவு.

முட்டைகளை ஏன் எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் என்ன என்று அவன் கேட்டான். கரையில் விட்டால் நாய் தோண்டும், ஆள் மிதிப்பார்கள். அதையும் மீறிப் பொரிந்தால், குஞ்சு வெளிச்சமான பக்கமாகத்தான் போகும். இயற்கையில் ராத்திரி வெளிச்சமான பக்கம் கடல். சென்னையில் வெளிச்சமான பக்கம் தெருவிளக்கு. கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு ரோட்டுக்குப் போய்ச் சாகும். "விளக்கை எல்லாம் அணைக்க முடிஞ்சா நாங்க முட்டையைத் தொடவே வேண்டாம்" என்றார் வழிநடத்திய இளைஞர். தங்கள் வேலையே தேவையில்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தான்.

கல்வெட்டில் ஒரு நிபந்தனை

ஊர் திரும்பிய பிறகு அவன் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது ஆமைகூட இல்லை, அந்த நோட்டுதான். வருடா வருடம் ஆள் மாறினாலும் எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எழுதி வைக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை கணக்கு எதற்கு?

பதில் அவன் ஊரிலேயே கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919 மற்றும் 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்திலிட்டுக் குலுக்கிச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, ஏரி வாரியம், தோட்ட வாரியம்... இதெல்லாம் பரீட்சையில் வரும். பரீட்சைக்குப் பிறகு மறந்துபோகும் நிபந்தனை ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது!

அந்த முறை எல்லோருக்குமானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலமும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும். வயது 35-லிருந்து 70-க்குள். இன்றைக்கு அதை அப்படியே தூக்கிக் கொண்டாட முடியாது. ஆனால் பொதுவேலை செய்கிறவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு வரி மட்டும் 1100 வருடம் கழித்தும் உரைக்கிறது. கோஸ்டா ரிகா போய் இரண்டு வாரம் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால், அவன் யாருக்குக் கணக்குக் காட்டியிருப்பான்? பெசன்ட் நகரில் அவன் எண்ணிய 112-க்கு அடுத்த பத்தி காலியாக இருக்கிறது. அதை யாராவது நிரப்பியாக வேண்டும்.

அதற்காகவே மறுபடி போனான். மார்ச்சில் மூன்று சனிக்கிழமை. இரண்டு முறை ஒரு ஆமைகூட வரவில்லை. கால் வலிதான் மிச்சம். இப்போது அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனான். "பெருமாளே ஆமையா வந்தாரும்மா, கூர்மாவதாரம்" என்று ஒரு போடு போட்டதில் அவர் கொஞ்சம் அடங்கினார். "அவரு பாற்கடல்ல வந்தாரு, பீச்சுலயா வந்தாரு?" என்று கேட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

ஏப்ரல் முதல் வாரம், செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில், சாயங்காலம் பொரிப்பகத்தில் மணல் லேசாக உள்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்கு, பிறகு ஒரு துடுப்பு, பிறகு பொலபொலவென்று குஞ்சுகள். உள்ளங்கை அளவுகூட இல்லை. கடலுக்குச் சற்று முன்னால் விட்டார்கள். கையில் எடுத்து நேராகத் தண்ணீரில் போடக்கூடாது, மணலில் அதுவே நடந்து போக வேண்டும். முதல் அலை வந்து பாதிக் குஞ்சுகளைத் திரும்பக் கரையிலேயே தள்ளியது. அவை நிமிர்ந்து மறுபடி நடந்தன.

நோட்டில் அவனே எழுதினான்: 112 முட்டை, 94 குஞ்சு.

ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் 94-இல் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். லாப நஷ்டக் கணக்குப் போட்டால் இது மூடவேண்டிய கம்பெனி. மிஞ்சினால், அது பெட்டையாக இருந்தால், வளர்ந்து இந்தப் பக்கக் கரைக்கே முட்டையிட வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். (ஆணா பெண்ணா என்பதுகூட மணல் சூட்டைப் பொறுத்தது. சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெண் அதிகம். பூமி சூடாகச் சூடாக ஆணே இல்லாமல் போகுமோ என்பது விஞ்ஞானிகளின் புதுக் கவலை.) அதற்குள் அவனுக்கு வயது 35 ஆகியிருக்கும். குடவோலையில் பெயர் எழுதத் தகுதியான வயது!

கோஸ்டா ரிகா ஆசை இன்னும் போகவில்லை. சம்பாதித்து ஒருநாள் போவான், போகட்டும். ஒஸ்தியோனால் மக்கள் ஆமையோடு எப்படிக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, வலை பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரிடம் சொல்ல அவனுக்கு விஷயம் இருக்கும். ஆனால் போகும்போது அங்கே ஆமையைக் காப்பாற்ற வந்தவனாகப் போக மாட்டான். இங்கே நாலு சனிக்கிழமை நடந்தவனாகப் போவான்.

தை பிறந்தால் சீசன். ராத்திரி நடக்கத் தெம்பும், டார்ச் அடிக்காமல் இருக்கப் பொறுமையும் இருந்தால் போதும். ஆமை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது.